உளப்படுத்தாப் பன்மை

1

2015ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை, முற்பகல் பதினொரு மணிக்கு, என் தங்கை மகனுடைய வீட்டுச் சமையலறையில், அவளை எந்த ஹாஸ்பிஸில் சேர்ப்பது என்று நாங்கள் கூடி முடிவு செய்தோம்.

மேலே உள்ள வாக்கியத்தில் ஒரு பிழை இருக்கிறது. எழுத்துப்பிழை அன்று, சந்திப்பிழையும் அன்று. சட்டப் புத்தகங்கள் அச்சிடும் அச்சகம் ஒன்றில் வேலைக்காலம் முழுவதும் மெய்ப்புத் திருத்தியவள் நான். அவ்விரண்டையும் என்னிடம் தேடுவது வீண்வேலை. பிழை 'நாங்கள்' என்ற சொல்லில் இருக்கிறது. இக்கதை அந்தச் சொல்லிலிருந்து பிறந்தது. கருணையிலிருந்து பிறந்தது என்று யாரேனும் முன்னுரை எழுதினால் நம்பாதீர்கள். கோபத்திலிருந்து பிறந்தது.

தமிழில் தன்மைப் பன்மை இரண்டு. 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே. 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே. முன்னது உளப்படுத்தும் பன்மை. பின்னது உளப்படுத்தாப் பன்மை. இதை எந்தக் குழந்தைக்கும் பள்ளிக்கூடம் கற்றுக்கொடுப்பதில்லை. "நாங்க ஐஸ்கிரீம் சாப்பிடப் போறோமே" என்று ஒரு குழந்தை சொன்னால், உங்களுக்குக் கிடையாது என்று பொருள்.

அன்று சமையலறையில் இருந்தவர்கள் மூவர்: தங்கையின் மகன், ஹாஸ்பிஸ் ஒன்றிலிருந்து வந்திருந்த ஒருங்கிணைப்பாளர், நான். ஹாஸ்பிஸ் என்பது, இனிக் குணமாக வழியில்லாதவர்களின் வலியைத் தணித்து, இறுதிவரை உடனிருக்கும் ஏற்பாடு. இறக்கப் போகிறவள் பக்கத்து அறையில் தைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு துணித் திரை.

('முடிவு செய்தோம்' என்பதும் பொய்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.)

2

வேறு விதமாகவும் தொடங்கிப் பார்த்தேன். அடித்தவற்றை மறைக்கவில்லை.

மரணம் என்பது

[நிறுத்தினேன். 'மரணம் என்பது' என்று தொடங்கும் வாக்கியம் உருப்பட்டதை நான் பார்த்ததில்லை.]

ஜன்னலோரத்தில் மெலிந்து, புன்னகையுடன் அவள்

[அவள் புன்னகைப்பவள் அல்லள். சிரித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். மெலிந்தவளும் அல்லள், நோய் அவளை மெலியச் செய்தது. இரண்டும் ஒன்று என்று நினைப்பவர்களே இத்தகைய வாக்கியங்களை எழுதுகிறார்கள்.]

என் தங்கைக்கு வயது எழுபத்தொன்று. பெண்களுக்கான உடைகள் தைப்பவள். கணையத்தில் தொடங்கிய புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவிவிட்டது. பெரிய மருத்துவமனையின் மருத்துவர், இனிச் சில வாரங்கள், மிஞ்சிப்போனால் இரண்டு மாதங்கள் என்றார்.

இதை அடிக்கவில்லை. இதில் பொய் இல்லை. ஆனால் ஒன்று விடுபட்டிருக்கிறது. மருத்துவர் அதை யாரிடம் சொன்னார்? நடைவழியில் நின்றுகொண்டு அவளுடைய மகனிடம் சொன்னார். அவள் சக்கர நாற்காலியில், கைக்கெட்டும் தூரத்தில், அவர்களுக்கு முதுகு காட்டி வைக்கப்பட்டிருந்தாள்.

'வைக்கப்பட்டிருந்தாள்.' செயப்பாட்டு வினை. வைத்தவன் அவளுடைய மகன். அன்று மாலை தொலைபேசியில் அவன் என்னிடம் சொன்னது இது:

"பெரியம்மா, அம்மாகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாங்க."

"அவ உடம்பு, அவகிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்றது?"

"ப்ளீஸ் பெரியம்மா. நாம பார்த்துக்கலாம்."

'நாம்' என்றான். என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினான். நானும் உள்ளேயே நின்றேன்.

3

அவன் மூன்று இடங்களைக் கண்டுபிடித்து வைத்திருந்தான். முதலாவது, ஊருக்கு வெளியே தோட்டமும் நீரூற்றும் உள்ள தனியார் மையம். இரண்டாவது, நோயாளியின் வீட்டுக்கே செவிலியர் வந்து போகும் திட்டம். மூன்றாவது, பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் ஓர் அறக்கட்டளை நடத்தும் ஆறு கட்டில் வார்டு.

மூன்றாவதை நான்தான் தள்ளுபடி செய்தேன். காரணத்தை மறைக்கப் போவதில்லை. அதன் பெயர்ப்பலகையின் படத்தை அவன் காட்டினான். 'வலி தனிப்பு மையம்' என்றிருந்தது. தணிப்பு என்று எழுதத் தெரியாதவர்கள் எதைத் தணித்துவிடப் போகிறார்கள்?*

(* 'தனிப்பு' என்றொரு சொல் இல்லை. இருந்தால், தனியாக்கி விடுவது என்றுதான் பொருள்படும்.)

ஒருங்கிணைப்பாளர் முதலாவது மையத்தைச் சேர்ந்தவர். இளம்பெண். கழுத்தில் அடையாள அட்டை, கையில் வழவழப்பான கையேடு. நேராகத் தங்கையின் அறைக்குள் போய்க் குனிந்து, குழந்தையிடம் பேசுவது போலக் கேட்டார்:

"அம்மா, இன்னைக்கு நாம எப்படி இருக்கோம்? நமக்கு எங்க வலிக்குது?"

தங்கை கையிலிருந்த துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கு வயித்துல. உனக்கு?"

அந்தப் பெண் அழகாகச் சிரித்துவிட்டு, "அம்மா ரொம்ப ஜாலி டைப்" என்று எங்களிடம் சொன்னார். பிறகு நாங்கள் சமையலறைக்குப் போனோம். பின்னால் தையல் இயந்திரம் ஓடத் தொடங்கியது. அது எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது.

கையேட்டைப் படித்தேன். ஓர் எழுத்துப்பிழை இல்லை. 'வலி உடனுக்குடன் கவனிக்கப்படும். குடும்பத்தாருக்கு ஆறுதல் அளிக்கப்படும். நோயாளியின் கண்ணியம் பேணப்படும்.' படும், படும், படும். கையேடு முழுவதிலும் ஓர் எழுவாய் இல்லை. யார் கவனிப்பார்? யார் பேணுவார்?

"ராத்திரி வலி வந்தா யார் வருவாங்க?" என்று கேட்டேன்.

"உடனே அட்டெண்ட் பண்ணப்படும் மேடம்."

"யாரால?"

"எங்க டீமால."

"டீமுக்குக் கால் இருக்கா? நடந்து வருமா? எந்த ரூம்லேர்ந்து வரும்?"

"பெரியம்மா" என்றான் மகன்.

"மேடம், எல்லாம் ப்ரோட்டோகால்படி செய்யப்படும்."

"நீங்க ராத்திரி அங்க இருப்பீங்களா?"

"நான் பகல் ட்யூட்டி மேடம்."

"அப்ப உங்களால செய்யப்படாது."

அவர் கண்களில் நீர் கோத்தது. நான் இரங்கவில்லை; இப்போதும் இரங்கவில்லை. அழுகை ஒரு விடையன்று. பேச்சை மாற்றுவதற்காக மகன் அறைகளிலுள்ள கேமராவைப் பற்றிச் சொன்னான்.

"ஆபீஸ்ல இருந்தே அம்மாவைப் பார்த்துக்கிட்டே இருக்கலாம் பெரியம்மா. போன்லயே."

"அவளால உன்னைப் பார்க்க முடியுமா?"

அவன் தேநீர்க் கோப்பைகளைக் கழுவப் போனான். கோப்பைகள் ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தன.

4

இங்கே கதையை நிறுத்தி ஒரு பாத்திரத்தை விசாரிக்க வேண்டியிருக்கிறது.

நான் எழுதியிருக்கும் மகன் ஒரு கோழை. தாயை மூட்டை கட்டித் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் பார்த்துக்கொள்ள நினைப்பவன். இப்படி எழுதினால் கதை நேராக ஓடும். உங்கள் கோபமும் என் கோபமும் ஒரே பக்கம் சாயும்.

ஆனால் இக்கதையின் முதல் கையெழுத்துப் படியில் ஒரு பத்தி இருந்தது. அதை அடித்திருந்தேன். இப்போது திரும்பச் சேர்க்கிறேன்:

தங்கைக்குக் கண் மங்கிய நாளிலிருந்து, தினமும் அலுவலகம் கிளம்புமுன் அவன் ஊசிகளில் நூல் கோத்து வைக்கிறான். சிவப்பு, நீலம், கறுப்பு, வெள்ளை என்று வரிசையாகப் பஞ்சுத் தலையணையில் குத்தி இயந்திரத்தின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறான். காப்பீட்டு நிறுவனத்தில் மேலாளன். வாயில் நூலை ஈரப்படுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோப்பான்.

ஏன் அடித்திருந்தேன்? என் கோபம் குறைந்துவிடும் என்று அடித்தேன். மெய்ப்புத் திருத்துநர் ஒருபோதும் செய்யக் கூடாத வேலை அது. மூலத்தில் உள்ளதைப் பிடிக்கவில்லை என்பதற்காக நீக்கக் கூடாது.

[ஆகவே அவன் நல்லவன் என்று

இல்லை. அப்படியும் எழுத மாட்டேன். ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பவனுக்கு, தைப்பவளிடம் பேசத் தெரியவில்லை. என் கோபம் குறையவில்லை. அது நிற்கும் இடம்தான் மாறியது.]

5

எனக்கு இரண்டாவது ஏற்பாடு பிடித்திருந்தது. தங்கை என் வீட்டுக்கு வர வேண்டும். கூடத்தில் தலைப்பக்கம் உயர்த்தும் கட்டில் போட வேண்டும். காலையில் செவிலியர் வந்து போவார். மற்ற நேரமெல்லாம் நான் இருப்பேன். மருந்துகளை அகர வரிசையில் அடுக்க அலமாரியில் ஒரு தட்டும் ஒழித்துவிட்டேன். புதன்கிழமை மகனுடன் தொலைபேசியில் சண்டை போட்டேன், வென்றேன்.

"சரி பெரியம்மா, உங்க இஷ்டம்" என்றான். தோற்றவனின் குரலில் நிம்மதி இருந்தது. அதையும் கவனித்தேன்.

இந்த இடத்தில் நீங்கள் என் பக்கம் இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். வீட்டில் இறப்பதே மேல். உடன்பிறந்தவள் மடியே மேல். எத்தனை கதைகளில் படித்திருக்கிறீர்கள்! நானும்தான்.

அன்று மாலையே போய் அவளிடம் சொன்னேன். ஒரு பழைய இரவு உடையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"கேளு. நாங்க முடிவு பண்ணிட்டோம். அந்தத் தோட்டமும் வேணாம், ஊத்தும் வேணாம். நீ என் வீட்டுக்கு வந்துடு."

அவள் பிரிப்பதை நிறுத்தவில்லை.

"நாங்களா?"

"ஆமா."

"நாங்கன்னா யாரு யாரு?"

"நானும் உன் பையனும்."

"ஓகோ. சின்ன வயசுல ஒருமை பன்மை மாத்திச் சொன்னா என் தலையில நறுக்குனு குட்டுவியே. இப்ப உன்னைக் குட்ட யாரு இருக்கா, அக்கா?"

"நான் சரியாத்தானே சொன்னேன்."

"அதான் சொல்றேன். சரியா சொல்லியிருக்கே. முடிவு பண்ணின கூட்டத்துல நான் இல்லை. இலக்கணத்துல ஒரு குத்தமும் இல்லை. அதுதான் அசிங்கமா இருக்கு."

நான் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தேன். அவள் பல்லால் நூலைக் கடித்துத் துப்பினாள்.

"நான் போயிட்டு இருக்கேன்னு எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க? எந்தத் துணி எங்க இழுத்தா கிழியும்னு பார்த்தே வயித்தைக் கழுவினவ நான். அந்த டாக்டர் பேசினப்ப என் முதுகுதான் அந்தப் பக்கம் இருந்தது. காது ரெண்டும் என்கிட்டதான் இருந்தது. திங்கக்கிழமை நீங்க மூணு பேரும் சமையல் ரூம்ல கூடிப் பேசினீங்களே, பாதியிலே மிஷினை நிறுத்தினேன். எவளாவது எட்டிப் பார்ப்பான்னு. எவளும் பார்க்கலை."

"நான் உனக்காகத்தான்டி சண்டை போட்டேன்."

"போட்டே. நல்லாத்தான் போட்டே. என்கிட்ட கேட்டுட்டுப் போட்டிருக்கலாம்."

"சரி, இப்ப கேக்கறேன். என் வீட்டுக்கு வர்றியா?"

"மாட்டேன்."

(இந்த இடத்தில் மூன்று வரிகள் எழுதி அடித்தேன். அவை என்னைப் பற்றியவை. இந்தக் கதைக்குத் தேவையில்லை.)

"ஏன்?"

"உன் வீட்டுல வலிச்சாலும் இலக்கணமா கத்தணும். கத்தும்போது எனக்கு ஒருமை பன்மை பார்க்க முடியாதுக்கா." தன் சிரிப்பைச் சிரித்தாள், பாதியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வலி கடந்து போகும்வரை என் கையைப் பிடிக்கவில்லை. இயந்திரத்தின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "நீ குளிப்பாட்டுவே, மாத்திரை குடுப்பே, நேரம் தவறாம எழுப்புவே. எல்லாம் பிசகாம செய்வே. நர்ஸா வேற யாராவது இருக்கட்டும். நீ அக்காவா வா. வந்து உக்காரு. சண்டை போடு. எழுந்து போ."

"அப்ப எங்கதான் போகணும்கறே?"

"பணிமனைக்குப் பின்னால."

"அந்த போர்டை நீ பார்த்தியா?"

"நான் அங்க போர்டுல படுக்கப் போறேனா?"

அவளுடைய வாடிக்கையாளர் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த வார்டில் இறந்திருக்கிறார். முன்பக்கம் திறக்கும் உடை வேண்டுமென்று கேட்டதால், அளவெடுக்கத் தங்கை அங்கே போயிருக்கிறாள். போன இடத்தில், நான் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்ட அதே கேள்வியைத் தலைமைச் செவிலியரிடம் கேட்டிருக்கிறாள்.

"ராத்திரி வலிச்சா யாரு வருவான்னு கேட்டேன். 'மணி அடிங்க. வரலைன்னா விடாம அடிங்க. திட்டிக்கிட்டாவது ஒருத்தி வருவா'ன்னா."

ஒருத்தி. எழுவாய். திட்டிக்கொண்டு வரும், கால்கள் உள்ள, தூக்கம் கலைந்த ஓர் எழுவாய்.

6

வெள்ளிக்கிழமை மூவரும் போனோம். அந்த இடம் எனக்குப் பிடிக்கவில்லை என்பதைப் பதிவு செய்ய வேண்டும். கிருமிநாசினி நெடி. ஒரு மூலையில் தொலைக்காட்சி கத்திக்கொண்டிருந்தது. கட்டில்களைச் சுற்றிய திரைகளில் பாதிக் கொக்கிகளைக் காணோம். பலகையில் 'தனிப்பு' அப்படியே இருந்தது.

தலைமைச் செவிலியர் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, "யாருக்குப் படுக்கை?" என்று கேட்டார்.

"எனக்குத்தான்" என்றாள் தங்கை.

அவ்வளவுதான். அதன் பிறகு அந்தப் பெண்மணி என்னையும் மகனையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆத்திரமாக இருந்தது. மகனுக்கும் இருந்தது என்று நினைக்கிறேன். கேட்பவர் வெளியே.

"கடைசியில மூச்சு முட்டுமா?" என்று தங்கை கேட்டாள்.

"சிலருக்கு முட்டும். மருந்து இருக்கு. முழுசா நிக்கும்னு சொல்ல மாட்டேன். குறையும்."

"சிஸ்டர், இதெல்லாம் இப்பவே அம்மாகிட்ட" என்று மகன் தொடங்கினான்.

"நீ சும்மா இருடா. தண்ணியில போட்டா சுருங்குமான்னு கேக்காம என்னைக்காவது துணி வாங்கியிருக்கேனா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அழணும்னா வெளியில போய் அழுதுட்டு வா. வந்து எந்தப் படுக்கைன்னு நீயும் பாரு. நாம சேர்ந்து பார்க்கலாம்" என்றாள்.

நாம். வெளியே போனவன் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான்.

செவிலியர் வார்டில் தரும் உடையைக் காட்டினார். தங்கை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முதுகுப் பக்கம் முழுவதும் திறப்பு, இரண்டே நாடா.

"எந்தப் பாவி தெச்சது இது? சாகப் போறவளுக்கு முதுகு இல்லையா?"

"தலைமை ஆபீஸ்ல இருந்து வர்றதும்மா. நான் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிச்சுது. நீங்க ஒரு தடவை திட்டிப் பாருங்களேன்."

என் தங்கையின் முகத்தில் அப்போது வந்ததை நான் வருணிக்கப் போவதில்லை. பல மாதங்களுக்குப் பிறகு ஒருவர் அவளிடம் ஒரு வேலையைக் கொடுத்தார் என்று மட்டும் எழுதுகிறேன்.

7

இனி முடிவு. கைவசம் சில இருக்கின்றன.

அ. விடியற்காலை. ஜன்னலில் வெளிச்சம். அக்காவின் கைக்குள் தங்கையின் கை. கடைசிச் சொல்லாக ஒரு

[இதை எழுதுவதற்கு ஆள்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போங்கள்.]

ஆ. தலைமை அலுவலகம் பணிகிறது. எல்லா உடைகளிலும் முன்பக்கம் பொத்தான்

[அலுவலகங்கள் அவ்வளவு எளிதில் பணியா.]

இ. பெயர்ப்பலகையில் ஏறி நான் 'ன'வை 'ண' ஆக்குகிறேன். அனைவரும் கைதட்டு

[வெட்கக்கேடு. ஆனால் ஏணி கிடைக்குமா என்று விசாரித்தேன், அதை மறைக்கவில்லை.]

அவளுக்கு என்ன ஆயிற்று, எப்படி, எப்போது, வலித்ததா, என்ன சொன்னாள்? இவையே நீங்கள் கேட்க விரும்புவன. இத்தனை பக்கம் பொறுமையாக வந்துவிட்டதால் அவற்றை அறிய உரிமை உண்டு என்று எண்ணுகிறீர்கள். இல்லை. அதன் பின் நடந்ததை நாங்கள் அறிவோம். இந்த 'நாங்கள்' அவளும் நானும். முதல் வாக்கியத்தில் அந்தச் சொல் அவளை வெளியே நிறுத்தியது. இப்போது உங்களை நிறுத்துகிறது. இலக்கணம் சரியாகத்தான் இருக்கிறது. வெளியே நிற்பது எப்படி இருக்கிறது என்று நீங்களும் சற்றுத் தெரிந்துகொள்ளுங்கள்.

8

முதல் வாக்கியம், திருத்தியபடி:

2015ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதின்மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் உள்ள ஆறு கட்டில் வார்டில் சேர்வதென்று என் தங்கை முடிவு செய்தாள். அவளுடைய மகனும் நானும் ஒப்புக்கொண்டோம்.

மேலும் அவள் முடிவு செய்தவை: ஜன்னலோரக் கட்டில் வேண்டாம், யார் வருகிறார்கள் என்று தெரிய வாசலோரக் கட்டில். குழாய் செருகவும் மூச்சு இயந்திரம் பொருத்தவும் பெரிய மருத்துவமனைக்குத் திரும்பக் கொண்டுபோகக் கூடாது. வலிமருந்தின் அளவை, தன்னால் பேச முடிகிறவரை தானே சொல்வாள். முடியாதபோது தலைமைச் செவிலியர் சொல்வார். மகன் சொல்லக் கூடாது, அக்காவும் கூடாது. கேமரா இல்லை. தான் தைத்த உடையே அணிவாள். மகன் வரும்போது ஊசிகளில் நூல் கோத்துக்கொண்டு வர வேண்டும். அக்கா பிற்பகலில் வரலாம், குளிப்பாட்டக் கூடாது, திருத்தக் கூடாது, பலகையை வேண்டுமானால் திருத்திக்கொள்ளலாம்.

யாராக இருந்தாலும் திரைக்கு வெளியே நின்று "வரலாமா?" என்று கேட்ட பிறகே உள்ளே வர வேண்டும்.

நானும் கேட்கிறேன்.